இரண்டாம் சனிக்கிழமை, பத்து மணி முதல் இரண்டு வரை

சாலமோன் வந்ததும் கை கழுவினான்.
சோப்பு எங்கே என்று கேட்கவில்லை.
"கிளம்புங்கக்கா" என்றான்,
நான்தான் அவன் வீட்டுக்கு வந்தவள் போல.

பதினொன்றுக்கு இடப்பக்கம் திருப்பணும்,
முட்டிக்கு நடுவில் தலையணை.
"தெரியும்க்கா."
மூத்திரப் பை பாதிக்கு மேல் நிரம்பினால்...
"தெரியும்க்கா, அதுக்குத்தானே அனுப்பறாங்க."
தோள் வலித்தால் வாய் திறக்க மாட்டார்,
புருவத்தைப் பார்.
அதற்கு மட்டும் நின்று தலையாட்டினான்.

மூன்று வருஷமாய் வேலப்பாடியில்
எனக்கிருந்த ஊர்
மருந்துக் கடை, ரேஷன் கடை, மாடிப்படி.
இப்போது கையில் நாலு மணி நேரம்.
உடைக்க மனசில்லாத ஐந்நூறு ரூபாய்த் தாள் மாதிரி
அதை மடித்து வைத்துக்கொண்டு
தெருமுனையில் நின்றேன்.
கோட்டைக்குப் போகலாம், அகழித் தண்ணீர் பார்க்கலாம்.
யாராவது எதிரில் வருவார்கள்:
தயாளன் எப்படி இருக்கார்?
தங்கச்சி வீடு குடியாத்தத்தில்.
அங்கேயும் அதே கேள்விதான், காப்பியோடு.

காட்பாடி போகும் டவுன் பஸ் வந்தது. ஏறினேன்.
ஜன்னலோரம். பெண்களுக்குக் காசில்லாத சீட்டு.
பெரிய ஆஸ்பத்திரி வரும்போதெல்லாம்
வயிற்றுக்குள் ஒன்று சுருண்டுகொள்ளும்.
இன்றைக்கு அது வந்ததும் தெரியாது,
போனதும் தெரியாது.
கம்பியில் நெற்றி முட்ட முட்டத் தூங்கியிருக்கிறேன்.

"ஜங்ஷன்மா. எறங்கல?"
"திரும்பிப் போகணும்."
கண்டக்டர் என்னைப் பார்த்தார்.
இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
விசிலைக்கூட மெதுவாய்த்தான் ஊதினார்,
அல்லது எனக்கு அப்படி இருந்தது.

பதினொரு மணிக்கு என் கை தானாய் எழுந்தது.
பக்கத்துத் தோளைப் பிடித்துத்
திருப்பப் பார்த்தது.
மடியில் முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையோடு
ஒரு பெரியம்மா.
"இன்னாமா?"
"ஒண்ணுமில்ல. தூக்கத்துல."
அவள் கூடையை அந்தத் தொடைக்கு மாற்றினாள்.
"சாஞ்சிக்கோ" என்றாள்.
கத்திரிக்காய் வாசனையில் பாகாயம் வரை சாய்ந்திருந்தேன்.
என் தலையின் எடையை
இன்னொருவர் சுமப்பது எப்படியிருக்கும் என்பது
மறந்தே போயிருந்தது.

மறுபடி காட்பாடி. மறுபடி திரும்பல்.
நாலாவது சீட்டில்தான் பாலாற்றைப் பார்த்தேன்.
மணல். நடுவில் ஒல்லியாய்க் கொஞ்சம் தண்ணீர்,
வெயிலில் விரித்துக் கல் வைத்த வேட்டி மாதிரி.

ஒன்று முப்பத்தைந்துக்கே வந்துவிட்டேன்.
பாதிப் படியில் சத்தம் கேட்டது.
சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் அவர் குரல்:

"ராணிப்பேட்டைல தோல் ஷெட்டு கூரைடா.
ஷீட்டு ஒடஞ்சி நான் கீழ வந்துக்கினு இருக்கேன்.
அப்ப இன்னா நெனச்சேன் சொல்லு?
டிபன் பாக்ஸ மேலயே வெச்சிட்டமே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.
கட்டில் கிறீச்சிடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

என்னிடம் சொன்னது
"கால் வழுக்கிடிச்சி" மட்டும்தான்.
மூன்று வருஷம்.
நானும் கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்று பயம்,
அழுதால் மூக்கைத் துடைக்கவும்
நான்தானே என்ற அலுப்பு.
அதையும் இங்கே எழுதிவிட வேண்டியதுதான்.

மேலே போகவில்லை.
படியிலேயே உட்கார்ந்தேன்.
இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.
அது என்னுடையது என்று நினைத்துத்தான்
காலையில் கிளம்பினேன்.

அன்றைக்கு என்ன கட்டிக் கொடுத்தேன்?
புளிசாதம். அது நிச்சயம்.
தொட்டுக்க வறுவலா, அப்பளமா
என்பதுதான் வரவில்லை.
டிபன் பாக்ஸை யார் இறக்கியிருப்பார்கள்,
திறந்து பார்த்திருப்பார்களா,
யாராவது சாப்பிட்டார்களா?

இரண்டு அடித்ததும்
செருப்பைச் சத்தமாய்த் தேய்த்துக்கொண்டு ஏறினேன்.
சாலமோன் சீட்டுகளை அடுக்கினான்.
தலையை அவருக்கு வலப்பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தான்.
வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"இன்னாமே, அதுக்குள்ளயா?"

புருவத்தைப் பார்த்தேன்.